சிவப்புத் தொப்பி: 25 டாலருக்கு என்ன கிடைத்தது

ஆயத்த ஆடைத் தொழிலில் பதினான்கு ஆண்டுகள் தரப் பரிசோதகராக வேலை பார்த்தவன் நான். எந்தத் துணிப்பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அதை உள்பக்கமாகப் புரட்டிப் பார்ப்பது இன்றும் விடாத பழக்கம். வெளிப்பக்கம் வாங்குகிறவருக்கு, உள்பக்கம் செக்கிங் மேசைக்கு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இப்போது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், யங்ஸ்டவுன் நகரத்துக்கு அருகில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் லார்ட்ஸ்டவுன் கார் ஆலையில் முப்பது ஆண்டுகள் கதவு பொருத்தி ஓய்வு பெற்றவர். அவர் தலையில் இருந்த சிவப்புத் தொப்பியின் தையலை நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, வீட்டுக்குள் போய் இன்னொன்றை எடுத்துவந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தாலும் வருத்தமில்லை என்றார்.

டொனால்ட் டிரம்ப் 2016 தேர்தலுக்காக விற்ற தொப்பி அது. பிரசாரக் குழுவின் இணையக் கடையில் அப்போது 25 டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கோடைச் சந்தை ஒன்றின் வெளியே சாலையோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவரிடம் அதே வாசகம் கொண்ட தொப்பியைப் 10 டாலருக்கு நான் வாங்கினேன். இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு எழுதும் மதிப்புரை இது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் அமெரிக்க அரசியலில் விற்பனைக்கு வந்த சரக்குகளில் இதைவிட வெற்றிகரமானது எதுவும் இல்லை என்பதால், அது ஏன் விற்றது, வாங்கியவருக்கு என்ன கிடைத்தது, எந்தக் கடை மூடிக்கிடந்ததால் கூட்டம் இங்கே வந்தது என்பதைத் தொழில்முறைக் கண்ணோடு பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் சரக்கைப் பற்றி. பிரசாரக் குழுவின் தொப்பி நன்றாகவே தைக்கப்பட்டிருக்கிறது. துணி கனமானது, பல ஆண்டுகள் கழித்தும் உருக்குலையவில்லை. நெற்றிக்கு மேல் நீளும் விளிம்பும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கயிறு ஓடுகிறது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் போடும் பழைய பாணி. எழுத்துகள் அச்சடித்தவை அல்ல, வெள்ளை நூலில் எம்பிராய்டரி செய்தவை. ஒவ்வோர் எழுத்தின் ஓரமும் சீராக இருக்கிறது, உள்பக்கம் நூல் பிசிறு வெட்டப்பட்டிருக்கிறது, தையல் எங்கும் தாவவில்லை. 'அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது' என்னும் லேபிள் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கார்சன் நகரில் உள்ள காலி ஃபேம் என்ற நிறுவனம் இவற்றைத் தைத்துக் கொடுத்தது. அங்கே தைத்தவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்பதை அக்காலத்திலேயே பத்திரிகைகள் எழுதின. மெக்சிகோவிலிருந்து வருகிறவர்களைப் பற்றிய பேச்சோடு 2015 ஜூன் 16 அன்று பிரசாரம் தொடங்கியது. அந்தப் பிரசாரத்தின் அடையாளத்தைத் தைத்த கைகளில் பல, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குடும்பங்களின் கைகள். இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. தொப்பித் தையல் இன்றும் அமெரிக்காவுக்குள் நடக்கிறது என்றால் அது இப்படித்தான் நடக்க முடியும் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும்.

சாலையோரத் தொப்பி வேறு கதை. லேபிளில் சீனா என்றிருந்தது. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து இருபது முறை தேய்த்துப் பார்த்தேன்; துணி இளஞ்சிவப்பாகிவிட்டது. எழுத்துகளின் பின்னால் ஒட்டிய தாள் வெட்டப்படாமல் நெற்றியில் குத்துகிறது. ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டேன். விளிம்புக்குள் வைத்திருந்த அட்டை ஊறி, காய்ந்ததும் அப்பளம்போல் வளைந்துகொண்டது. செக்கிங் மேசையில் இதை ஐந்து நொடிக்குள் ஒதுக்கியிருப்பேன். ஆனால் அந்தச் சந்தையில் நான் பார்த்த தலைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் இருந்தது. 2018-இல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்து ஆலை ஒன்றில் டிரம்பின் 2020 தேர்தல் கொடிகளைத் தைத்துக்கொண்டிருந்ததை ராய்ட்டர்ஸ் படத்தோடு வெளியிட்டது நினைவிருக்கலாம். உள்நாட்டு ஆலையை மீட்கும் கனவு, மலிவான இறக்குமதியாக வந்து சேர்வதில் வாங்குகிறவர் யாரும் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வாங்கியது துணியை அல்ல, வாசகத்தை.

வாசகம் நான்கே ஆங்கிலச் சொற்கள்: மேக் அமெரிக்கா கிரேட் அகெய்ன். ரொனால்ட் ரீகன் 1980-இல் ஏறக்குறைய இதையே பயன்படுத்தினார். அவருடையதில் 'நாம் சேர்ந்து ஆக்குவோம்' என்னும் அழைப்பு முன்னால் இருந்தது. டிரம்ப் அந்த அழைப்பை வெட்டிவிட்டார். சொற்களைக் குறைத்ததில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் மூன்று சொற்களை எந்தக் கட்சியும் தொப்பியில் போட்டுக்கொள்ளலாம்; அவற்றுக்கு விலையே கிடையாது. 25 டாலரும் கடைசிச் சொல்லுக்குத்தான். 'மீண்டும்' என்று சொன்னவுடன் இருந்தது ஒன்று போய்விட்டது என்று ஒப்புக்கொண்டாகிறது; எப்போது இருந்தது, யாரால் போனது என்ற இரண்டு இடங்களும் காலியாக விடப்படுகின்றன. வாங்குகிறவர் தம் கையெழுத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரியவர்கள் 2016-இல் பயன்படுத்திய முழக்கத்திலும் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம் என்பதல்ல, 'திரும்ப' எடுத்துக்கொள்வோம் என்பதுதான் இருந்தது. ஒரே சரக்கு, வேறு லேபிள்.

காலியிடம் எப்படி நிரம்புகிறது என்பதைப் பக்கத்து வீட்டிலேயே பார்த்தேன். வேலிக்கு இப்பக்கம் நின்றுகொண்டு, நாடு மகத்தாக இருந்த ஆண்டு எது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை: 1973. அப்பா எஃகு ஆலையில் ஓவர்டைம் பார்த்த பணத்தில் புதுக் கார் வாங்கிய வருடம். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த அவர் மனைவி, அது ஆண்டுக் கணக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார இடம் கிடைக்காமல் இருந்த காலம் என்றார். நாற்பது வயது தாண்டாத மகன் சொன்னது 2019. பெட்ரோலும் முட்டையும் வாங்க யோசிக்காமல் இருந்த கடைசி வருடமாம். மூவர் தலையிலும் ஒரே தொப்பி. மூன்று வெவ்வேறு நாடுகள். மகன் சொன்னதை நான் குறித்துவைத்துக்கொண்டேன். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு வந்த 2024 தேர்தலில் பலருக்கு 'மீண்டும்' என்பது ஐம்பது ஆண்டு பழைய ஆலைச் சங்கொலி அல்ல, ஐந்தாண்டு பழைய பில். தொப்பியில் ஒரு தையலும் மாறாமல் அதன் பொருள் இடம் மாறிக்கொண்டது. விற்பனைத் துறையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

அந்த 1973-ஐச் சற்றே உள்பக்கம் புரட்டலாம். யங்ஸ்டவுனில் யாரைக் கேட்டாலும் ஒரு தேதி சொல்வார்கள்: 1977 செப்டம்பர் 19. கருப்புத் திங்கள் என்று அழைக்கிறார்கள். யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்பெல் ஆலையை மூடப்போவதாக அன்று அறிவித்தது. ஏறத்தாழ 5000 பேருக்கு வேலை போனது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் வரிசையாக மூடின. 1930-இல் 1,70,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 60,000 பேர். நான் தினமும் கடக்கும் தெரு ஒன்றில் பதினோரு மனைகளில் நான்கில்தான் வீடு நிற்கிறது. மற்றவற்றில் நடைபாதையிலிருந்து வாசலுக்குப் போகும் சிமெண்ட் படிகள் மட்டும் புல்லுக்குள் ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் முடிகின்றன. இழப்பு கற்பனை அல்ல. இதைச் சொல்லாமல் தொப்பியைக் கேலி செய்யும் எந்தக் கட்டுரையையும் நான் பாதிக்கு மேல் படிப்பதில்லை.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். மெக்சிகோ, கனடாவுடனான நாஃப்டா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1994 ஜனவரி 1-இல். சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பரில். கேம்பெல் ஆலை அவற்றுக்கெல்லாம் முன்பே மூடப்பட்டுவிட்டது. காரணங்கள் வேறு: பழைய உலைகள், லாபத்தை ஆலைக்குள் போடாமல் வெளியே எடுத்த முதலாளிகள், போரில் அழிந்த ஆலைகளைப் புதிதாகக் கட்டிக்கொண்ட ஜப்பானும் ஜெர்மனியும். அதற்கு மேல் இயந்திரம்: 1980-களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்குப் பத்து மணி நேர மனித உழைப்பு தேவைப்பட்டது, இன்று அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இறக்குமதியை முழுதாக நிறுத்தினாலும் அந்த எட்டு மணி நேரம் திரும்பி வராது. அதே சமயம், சீன இறக்குமதி சில ஊர்களை 2000-க்குப் பிறகு அடியோடு சாய்த்தது என்பதும் உண்மை. டேவிட் ஆட்டரும் அவருடன் ஆய்வு செய்த பொருளியலாளர்களும் அதை விரிவாக நிறுவியிருக்கிறார்கள். அமெரிக்க ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கை 1979-இல் சுமார் 1 கோடியே 95 லட்சமாக உச்சத்தைத் தொட்டது. இன்று 1 கோடியே 30 லட்சத்துக்கும் கீழே.

பழைய காலம் நன்றாக இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதைத் தைத்த நூல்கள் எவை என்பது பொட்டலத்தில் எழுதப்படவில்லை. 1950-களில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று தனியார் துறையில் நூற்றுக்கு ஆறு பேர். அந்த 1950-களில் மிக உயர்ந்த வருமானத்தின் மீது வரி விகிதம் 91 சதவீதம். அதை வைத்திருந்தவர் குடியரசுக் கட்சிக்காரரான அதிபர் ஐசன்ஹோவர். நெடுஞ்சாலைகளுக்கு அரசுப் பணத்தைக் கொட்டிய 1956 சட்டமும் அவருடையதே. என் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா வாங்கிய கார், சந்தை கொடுத்த பரிசு அல்ல. சங்கம் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. தொப்பியின் உள்பக்கத்தைப் புரட்டினால் இந்த நூல்களில் ஒன்றுகூட இல்லை. உணர்வு அசலானது, செய்முறைக் குறிப்பு மட்டும் காணவில்லை.

எதிர்க்கடையில், அதாவது டிரம்பின் குடியரசுக் கட்சிக்குள்ளேயே இருந்த மிதவாதிகளிடம், என்ன விற்றார்கள் என்பதைப் பார்த்தால்தான் இந்தத் தொப்பி விற்றதன் கணக்கு முழுமை அடையும். 2016 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தவர் ஜெப் புஷ். அப்பாவும் அண்ணனும் அதிபர்கள். அவரை ஆதரித்த குழு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தது. அவருடைய பிரசாரக் கடையிலும் பொருள்கள் விற்றார்கள். அவற்றில் பேர்போனது வெண்ணெய்ப்பழத் துவையல் அரைத்து வைப்பதற்கான ஒரு கிண்ணம். விலை 75 டாலர். நான் இதைப் பார்த்ததில்லை, ஆகவே தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கட்சியின் மிதவாதப் பிரிவு எந்த வீட்டுச் சமையலறையை மனத்தில் வைத்துக் கடை போட்டிருந்தது என்பதை அறிய அந்தக் கிண்ணமே போதும். ஒருபக்கம் 25 டாலருக்கு, உன்னிடமிருந்து ஏதோ பறிபோயிருக்கிறது, எனக்குத் தெரியும் என்று சொல்லும் தொப்பி. மறுபக்கம் 75 டாலருக்கு விருந்தாளிகளுக்கான கிண்ணம். நியூ ஹாம்ப்ஷயரில் பேசி முடித்துவிட்டு, தயவுசெய்து கைதட்டுங்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை புஷ்ஷுக்கு வந்தது. தென் கரோலினாவில் தோற்றதும் 2016 பிப்ரவரி 20 அன்று விலகினார். டிரம்பின் குழுவோ, அந்த ஆண்டு அக்டோபர் நிலவரப்படி, கருத்துக்கணிப்புகளுக்குச் செலவிட்டதைவிடத் தொப்பிகளுக்கு அதிகம் செலவிட்டிருந்தது. அப்போது அரசியல் வல்லுநர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள்.

எதிர்க்கடை ஒரே நாளில் காலியானதல்ல. 1964-இல் கட்சியின் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் மிதவாதிகளின் தலைவர் நெல்சன் ராக்ஃபெல்லர் பேச எழுந்தபோது சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் தடுத்தார்கள். அப்போதே விரிசல் தெரிந்தது. ஆனாலும் மிதவாதம் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் கவுரவமாகவே வாழ்ந்தது. நிதானம், சட்டத்துக்கு மரியாதை, கணக்கில் ஒழுங்கு, எதிர்க்கட்சியோடு பேசித் தீர்க்கும் பழக்கம் ஆகியவை அதன் சரக்கு. இன்றைக்கும் எனக்குப் பிடித்த சரக்கு அதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் அந்தச் சரக்கோடு சேர்த்து ஒரு வாக்குறுதியையும் கட்டி விற்றார்கள்: வர்த்தகத்தைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது, வேலை இழந்தவர் வேறு வேலை கற்றுக்கொள்வார். நாஃப்டாவைப் பேசி முடித்தவர் மூத்த புஷ். கையெழுத்திட்டுச் சட்டமாக்கியவர் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன். பிரதிநிதிகள் சபையில் அதற்கு அதிக வாக்குகள் தந்தது குடியரசுக் கட்சி. ஆக, இரண்டு கட்சிகளின் கடைகளும் ஒரே பொருளையே விற்றன. 1992-இல் வர்த்தகத் திறப்பை எதிர்த்த பாட் புக்கானன் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக 37 சதவீதம் வாங்கியதும், அதே ஆண்டு பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீதம் வாங்கியதும், தொப்பி போன்ற வேறொரு பொருளுக்குக் கூட்டம் காத்திருக்கிறது என்று சொன்ன சந்தை ஆய்வுகள். மிதவாதிகள் அவற்றை வாங்குகிறவர்களின் கோபமாகப் படிக்காமல் விற்கிறவர்களின் கோமாளித்தனமாகப் படித்தார்கள்.

2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ராம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஜார்ஜ் ராம்னி, கார் நிறுவனம் நடத்தி, மிச்சிகன் ஆளுநராக இருந்து, கட்சிக்குள் சிவில் உரிமைகளுக்காகப் பேசியவர். மகனும் தனிப்பட்ட முறையில் கண்ணியமானவர். ஆனால் 2008-இல் கார் நிறுவனங்கள் தத்தளித்தபோது, டெட்ராய்ட்டைத் திவாலாக விடுங்கள் என்ற தலைப்பில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தலைப்பு பத்திரிகை ஆசிரியர்கள் வைத்தது. கட்டுரையில் அவர் சொன்னதும் ஆலைகளை இழுத்து மூடுங்கள் என்பதல்ல, முறையான திவால் நடவடிக்கை வழியாகச் சீரமையுங்கள் என்பதுதான். ஆனால் லார்ட்ஸ்டவுனில் யாரும் கட்டுரையை முழுதாகப் படிக்கவில்லை; படித்திருந்தாலும் வேறுமாதிரி நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம். பிறகு, நாட்டில் 47 சதவீதம் பேர் அரசை நம்பி இருப்பவர்கள் என்று நன்கொடையாளர்கள் கூட்டத்தில் அவர் பேசிய ஒளிப்பதிவு வெளியானது. என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தேர்தலில் ஒபாமாவுக்கு வாக்களித்தவர். கார் வேலையைக் காப்பாற்றியவருக்கு வாக்கு என்பது அவர் கணக்கு. ராம்னி தோற்ற அதே 2012 நவம்பரில், அந்த நான்கு சொற்களுக்கு வணிகக் குறி கேட்டு டிரம்ப் விண்ணப்பித்தார். நான்கு மாதம் கழித்து, 2013 மார்ச்சில், தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்த கட்சியின் அறிக்கை வந்தது. குடியேற்றச் சீர்திருத்தத்தை ஆதரித்துப் புதியவர்களைச் சேர்க்க வேண்டும் என்றது. கட்சி மருத்துவரைக் கூப்பிட்டது, டிரம்ப் தையல்காரரைத் தேடினார் என்று என் நண்பர் ஒருவர் இதைச் சொல்வார்.

ஓஹையோவில் இந்தக் கைமாற்றம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. ஜான் கேசிக் இங்கே ஆளுநராக இருந்தவர், தபால்காரரின் மகன். 2013-இல் சொந்தக் கட்சிக்காரர்களின் எதிர்ப்பை மீறி ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கினார். 2016 உட்கட்சித் தேர்தலில் அவரால் வெல்ல முடிந்த ஒரே மாநிலம் இதுதான். அதே ஆண்டு நவம்பரில் டிரம்ப் இங்கே எட்டு சதவீத வித்தியாசத்தில் வென்றார். செனட்டராக இருந்த ராப் போர்ட்மன், நிதானத்துக்குப் பெயர் போனவர். இளைய புஷ் காலத்தில் நாட்டின் வர்த்தகப் பிரதிநிதியாக ஒப்பந்தங்கள் பேசியவர். அவர் 2022-இல் போட்டியிடாமல் விலகினார். அந்த இருக்கைக்கு வந்தவர், 2016-இல் டிரம்பைக் கடுமையாக விமர்சித்த ஜே.டி. வான்ஸ், இன்று துணை அதிபர். 1972-இல் நிக்சனுக்குப் பிறகு எந்தக் குடியரசுக் கட்சிக்காரருக்கும் கிடைக்காத மஹோனிங் மாவட்டம், யங்ஸ்டவுன் அடங்கியது, 2020-இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. நாடாளுமன்றத்தில் நடந்ததும் இதே ஒழுங்குதான். 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த பிரதிநிதிகள் சபைக் குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். அடுத்த தேர்தலுக்குப் பிறகு சபையில் மிஞ்சியவர்கள் இருவர். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான, கொள்கையில் அசல் வலதுசாரியான லிஸ் செனி, வயோமிங் உட்கட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வாக்குகூட வாங்கவில்லை. வெர்மாண்ட்டில் ஃபில் ஸ்காட்டைப் போல ஆளுநர்களாக மிதவாதிகள் ஒருசிலர் எஞ்சியிருக்கிறார்கள். மொத்தக் கடையும் போய், தெருமுனையில் ஒரு தட்டுவண்டி மிஞ்சினாற்போல.

சரி, தொப்பி சொன்னதைச் செய்ததா? 2017 ஜூலையில் யங்ஸ்டவுனுக்கு வந்த டிரம்ப், வேலைகள் எல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்று கூட்டத்தில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். 2019 மார்ச்சில் லார்ட்ஸ்டவுன் ஆலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. 2018-இல் எஃகுக்கு விதித்த 25 சதவீதச் சுங்கவரி எஃகு ஆலைகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் எஃகு காய்ச்சுகிறவர்களைவிட எஃகை வாங்கிப் பொருள் செய்கிறவர்கள் இந்த நாட்டில் பல மடங்கு, அந்தப் பட்டறைகளுக்குச் செலவு ஏறியது. முதல் ஆட்சியின் மிகப் பெரிய பொருளாதாரச் சட்டமாக 2017 டிசம்பரில் வந்தது, நிறுவன வரியை 35-இலிருந்து 21 சதவீதமாகக் குறைத்த சட்டம். இது எதிர்க்கடையின் பழைய சரக்கேதான். ஜெப் புஷ் வந்திருந்தாலும் ராம்னி வந்திருந்தாலும் இதைப் போன்றதைத்தான் கொண்டுவந்திருப்பார்கள். பொட்டலம் சிவப்பு, உள்ளே இருந்தது பழைய நீலக் கோட்டு. இரண்டாம் ஆட்சியில் 2025 ஏப்ரல் 2 அன்று அறிவித்த சுங்கவரிகள் மட்டும் உண்மையிலேயே தொப்பியின் சொந்தத் துணியில் வெட்டியவை. அவற்றைப் பற்றி அறிவித்த உடனேயே தீர்ப்புச் சொல்லியிருந்தால், அது ஒரு சலவைகூடப் பார்க்காத துணிக்குச் சாயம் நிற்குமா என்று சொல்வதற்குச் சமமாக இருந்திருக்கும்.

இத்தனையும் அவரிடம் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை. ஆலை மூடிய மாதம் தொப்பியைக் கழற்றி வைத்தீர்களா என்று கேட்டதற்கு, எதற்காகக் கழற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். முன்னால் வந்தவர்கள் காலத்திலும் ஆலைகள் மூடின, அவர்களில் ஒருவர்கூட இங்கே வந்து நின்று, இது மூடக்கூடாது என்று சொன்னதில்லை, இவர் சொன்னார். அவ்வளவுதான் அவர் பதில். தரப் பரிசோதகனாக எனக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. நான் பொருள் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாங்கியது, தம்மை யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதற்கான ரசீதை. ரசீதில் சாயம் போவதில்லை. மிதவாதிகள் அந்த ரசீதைக் கொடுத்திருக்க முடியாதா என்றால், முடியும். ஐசன்ஹோவர் கொடுத்தார், அப்பா ராம்னியும் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் வளர்ச்சி விகிதத்தைக் காட்டினார்கள். அது உண்மையான எண்தான். ஆனால் புல்லுக்குள் ஏறி நிற்கும் அந்தச் சிமெண்ட் படிகளுக்கு அருகே நின்றுகொண்டு வாசிக்கத் தக்க எண் அல்ல.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பிரசாரக் குழுவின் தொப்பி, தொப்பி என்ற அளவில் ஐந்துக்கு நான்கு. சாலையோரத் தொப்பிக்கு ஒன்று, அதுவும் விலைக்காக. பொருளாதாரக் கொள்கையாக மதிப்பிட்டால் இரண்டாம் தரச் சரக்காகக்கூட என்னால் பாஸ் போட முடியாது. கேட்ட அளவு ஒன்று, வந்த அளவு வேறு. எதிர்க்கடையின் கிண்ணத்துக்கு மதிப்பெண் இல்லை, ஏனென்றால் நான் கேட்டவரை இந்த வட்டாரத்தில் அதை வாங்கியவர் ஒருவரும் இல்லை.

வைத்திருப்பவர்களுக்குச் சலவைக் குறிப்பு. இயந்திரத்தில் போடாதீர்கள், விளிம்பு கோணிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, வியர்வைப் பட்டையை மட்டும் மென்மையான பிரஷால் தேய்த்து, ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து நிழலில் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் இந்தச் சிவப்பு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்திருந்த தொப்பி ஒருபக்கம் செம்மண் நிறமாகவும் மறுபக்கம் ரோஸ் நிறமாகவும் வெளுத்துவிட்டது. போன மாதம் புதியது ஒன்று வாங்கியிருக்கிறார், 45-ஆவது, 47-ஆவது அதிபர் டிரம்ப் என்பதைக் குறிக்க 45-47 என்று பக்கவாட்டில் எண் போட்டது. பழையதை எறியவில்லை, தோட்ட வேலைக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.